அடிவயிறு

பிளக் வயரைக் கழற்றி
ஒரு பக்கமாய் ஒதுக்கிவைத்தேன்.
செபமாலையின் சுண்டுவிரல்
நகமில்லாமல் ஆறிய நாளிலிருந்து
இதை மட்டும் மறப்பதில்லை.

டேங்கில் கிடந்த பெட்ரோலைப்
போத்தலில் வடித்தேன்.
காற்று வடிகட்டி வானத்தைப் பார்க்க
மெசினைச் சாய்த்தேன்.
மறுபக்கம் சாய்த்தால் ஒயில் இறங்கி
கார்பரேட்டர் குடித்துவிடும்,
பிறகு நாள் முழுக்கக் கயிற்றை இழுத்தாலும்
வெள்ளைப் புகைதான்;
புல் அப்படியே நிற்கும்
மெனேஜர் ஐயாவும் அப்படியே நிற்பார்.

அடிவயிறு தெரிந்தது.

நானுஓயாவில் புல் காய்வதில்லை.
விடியலில் பனி, பத்து மணிக்கு மூடுபனி,
மூன்று மணி மழைக்கு முன்னால்
எப்படியாவது வெட்டியாக வேண்டும்.
ஈரப்புல் பிளேடில் அடிபட்டு
மேலே பாய்ந்து தட்டில் அப்பும்.
அதன்மேல் அடுத்த கிழமை.
அதன்மேல் அதற்கடுத்தது.
தை மாதத்துக்குப் பிறகு
நான் இதைக் கழுவவில்லை.
பிழை என்னுடையதுதான்.
இரண்டு விரல் கனம்,
புளித்த மாவும் மாட்டுத் தொழுவமும்
சேர்ந்த வாடை.

இரும்பால் சுரண்டினால்
மிச்சப் பெயின்ட்டும் போய்விடும்.
கவ்வாத்து மலையில் பொறுக்கிய மிலாறில்
ஒரு துண்டைச் சப்பையாய்ச் சீவி வைத்திருக்கிறேன்.
அதைக் கொடுத்து நெம்பினேன்.

பாளம் பாளமாய் வந்தது.
மேல்படை இன்னும் பச்சை: போன கிழமை.
அதற்குள்ளே கறுப்பு: ஆடி மழை.
கறுப்புக்குள் ஏதோ மினுங்க
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
வைகாசியில் கொழும்பிலிருந்து வந்த கல்யாணத்தில்
மாப்பிள்ளை பொண்ணுக்குத் தூவிய தங்கத்தாள்.
அன்றைக்கு எங்களைப்
பின்கட்டில் நிற்கச் சொன்னார்கள்,
பாட்டுச் சத்தம் மட்டும்
சுவரைத் தாண்டி வந்தது.
அதற்கும் கீழே
சித்திரை சீசன், டென்னிஸ் பந்தின் மஞ்சள் மயிர்.
கடைசிப் படை தொட்டதும் தூளானது;
உறைபனி புல்லைக் கருக்கிய மாசி.

புல்தரை ஓரத்தில் ஒரு பலகை உண்டு,
மூன்று மொழியிலும்: புல்லின் மேல் நடக்க வேண்டாம்.
எட்டு வருஷமாய் நடக்கிறேன்,
இந்த மெசினுக்குப் பின்னால்.
உட்கார்ந்ததில்லை.

பிறகு துரு.
புல் வெளியே பாயும் வாய்ப்பக்கம்
மிலாறு தடுக்காமல் உள்ளே போனது.
ஐந்து ரூபாய்க் குற்றி அளவு ஓட்டை.
ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன்.
பங்களா, பூச்சாடிகள், பலகை, கொடிமரம்
எல்லாம் ஐந்து ரூபாய்க்குள் அடங்கின.

குசினி இரங்கனியிடம்
பிஸ்கட் டின் மூடி ஒன்று வாங்கி
வட்டமாய் வெட்டி ரிவிட் அடித்தேன்.
வயர் பிரஷ், சோப்புத் தண்ணீர், பழந்துணி.
ஈரத்தோடு நிறுத்தினால்
கழுவாமல் விட்டதே மேல்.
இந்த ஊரில் எதைக் காயவைப்பது?
துரைமார் குளிக்கச் சுடுதண்ணீர் போகும் குழாய்
போய்லர் அறைச் சுவரோடு ஓடுகிறது.
நெருப்பை அணைத்த பிறகு
மெசினை அதன் பக்கத்தில் விட்டேன்.
ஒரு ராத்திரி
அதுவும் துரையாய் இருந்தது.

மறுநாள் சிவப்பு ஒக்சைட், இரண்டு கை.
அது இறுகியதும்
விருந்து மேசையில் எரிந்து மிஞ்சிய
மெழுகுத் துண்டுகளை உருக்கித் தேய்த்தேன்.
விரலை வைத்தால் வழுக்கியது.
ஐயா வந்து குனிந்து பார்க்கவில்லை.
‘ரெண்டு நாளில் புல் வளர்ந்துட்டுதே’ என்றார்.
வளர்ந்துதான் இருந்தது.

திங்கட்கிழமை இரண்டாம் இழுப்பில் பிடித்தது.
வாயிலிருந்து புல்
விசிறி மாதிரி விரிந்து விழுந்தது.
வெள்ளிக்கிழமைக்குள் மறுபடி ஒட்டும்,
தெரியும்.

சுரண்டியதைச் சாக்கில் கட்டி
லயத்துக்குக் கொண்டுபோனேன்.
துருச் செதிலைப் பொறுக்கி எறிந்துவிட்டு
லீக்ஸ் பாத்தி ஓரத்தில் கொட்டினேன்,
தங்கத்தாளோடு.

சாயங்காலம் தண்ணீர் ஊற்றப் போனபோது
செபமாலையின் சின்னவன்
அந்தக் குவியல்மேல் சம்மணம் போட்டு
பாணைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.
வாளியோடு
கொஞ்ச நேரம் நின்றேன்.